கண்மாய், வைகை, கிணறு: மதுரை வட்டார நீர்நிலைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களில் தங்கள் ஊர்க் கண்மாயையோ ஊருணியையோ மீட்டெடுக்க இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆற்றையும் கண்மாயையும் நிலத்தடி நீரையும் வெவ்வேறு துறைகள் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருந்தாலும், தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான் என்று கொண்டே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கண்மாய் நிறையத் தண்ணீர் நின்றால் அது நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. நகரை ஒட்டிய கண்மாய்களில், காலமல்லாக் காலத்தில் நிறைந்து நிற்கும் நீர்தான் முதலில் ஐயத்தைக் கிளப்ப வேண்டும். இந்த வட்டாரத்துக் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் பெருகி, நெல்லுக்குப் பாய்ந்து, பங்குனி, சித்திரையில் உள்வாய் (நீர் தேங்கும் உட்பரப்பு) வெடித்துக் காய்வதே இயல்பு. அப்படிக் காயும்போதுதான் சேற்றில் தங்கிய அழுகல் காற்றுப் பட்டு மக்கி, அடுத்த மழைக்கு மண் தயாராகிறது. மழையும் பெய்யாமல், பெரியாறு பாசன நீரும் திறக்கப்படாமல், சித்திரை வெயிலில் ஒரு கண்மாய் கலுங்கு (மிகைநீர் வழிந்தோடும் இடம்) மட்டம் வரை நிற்குமானால், அதை நிரப்பிக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீடுகளிலிருந்து வரும் கழிவுநீராகத்தான் இருக்கும்.

நலம் என்று பார்ப்பதற்கு நான்கு செய்திகள் வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது, அதில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, நீரைக் கொண்டுவரும் வரத்துக்காலும் கரையும் வயலுக்குத் திறந்துவிடும் மடையும் கலுங்கும் தத்தம் வேலையைச் செய்கின்றனவா என்பவை அவை. இவற்றில் கடைசியானதை யாரும் அளப்பதில்லை. பல ஊர்களில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வைகையில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடாததற்குக் காரணம் என்ன? அதை ஓட வைக்க முடியுமா?

வருசநாட்டு மலைகளில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, என்றுமே மழைக்கால ஆறுதான். முல்லைப்பெரியாறு அணை 1895-இல் பயன்பாட்டுக்கு வந்து, மேற்கே போகும் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்ட பிறகே மதுரைச் சீமையில் உறுதியான பாசனம் உருவாயிற்று. 71 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கும் வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டது. அணையிலிருந்து வரும் நீரைப் பேரணை என்ற இடத்தில் மறித்துப் பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர்ப் பக்கம் திருப்புகிறார்கள். ஆகவே, மதுரை நகருக்குள் ஆற்றில் நாம் காணும் நீர், வெள்ளக் காலத்தையும் பூர்விகப் பாசனம், குடிநீர், அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைத் திருவிழா ஆகியவற்றுக்காகத் திறக்கப்படும் நாட்களையும் தவிர, பெரும்பகுதி பந்தல்குடி வாய்க்கால் போன்ற வழிகளில் வந்து சேரும் கழிவுநீரே.

ஆண்டு முழுதும் ஓட வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அப்படி வாக்குறுதி தருபவர்களை நம்ப வேண்டியதும் இல்லை. நடக்கக்கூடியது மணலைக் காப்பது. வைகையின் உண்மையான நீர்த்தேக்கம் அதன் மணற்படுகைதான். மேலக்கால், கோச்சடை போன்ற இடங்களில் ஆற்றுக்குள் இறக்கிய கிணறுகள் மதுரைக்குக் குடிநீர் தந்தது அந்த மணல் நீரைப் பிடித்து வைத்திருந்ததால்தான். மணல் போய்க் களி தெரிய ஆரம்பித்த இடத்தில் வெள்ளம் வந்தாலும் நீர் கீழே இறங்காமல் ஓடிவிடுகிறது. பிறகு அங்கே கோரையும் சீமைக்கருவேலமும் குடியேறுகின்றன.

தண்ணீரின் தரத்தை அறிய எந்தெந்தப் பரிசோதனைகள் தேவை?

அந்த நீரை எதற்குப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 அளவுகோல்: கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் ஆதாரம் இல்லாத நிலையில் 2000 வரை ஏற்கலாம். ஃபுளூரைடு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை, நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, பி.எச். 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்; 100 மில்லிலிட்டரில் மலக்கிருமியான ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கருங்கல் நிலமான நம் வட்டாரத்தில் ஃபுளூரைடைத் தவறாமல் பார்க்க வேண்டும். அது பாறையிலிருந்தே கரைந்து வருவதால், தண்ணீர் பார்வைக்குப் பளிங்காக இருந்தும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை ஏற்றும்.

ஆறு, கண்மாய் நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பயன்பாட்டு வகைகளை வைத்திருக்கிறது. குளிக்கத் தகுந்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமலும், பி.ஓ.டி. எனப்படும் உயிரிய ஆக்சிஜன் தேவை (கழிவை மக்கவைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 3-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். மீன் வளர ஆக்சிஜன் 4-ஆவது வேண்டும். இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொண்டாலே ஓர் ஆய்வறிக்கையின் பாதியைப் படித்துவிடலாம்.

பாசனத்துக்கு மின்கடத்துதிறன், சோடியத்தின் விகிதம், கார்பனேட் மிகுதி ஆகியவையே முக்கியம். சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பாய்ச்சினால் மண் இறுகி, களர் ஏறிவிடும்.

மாதிரி எடுப்பது எப்படி?

ஆய்வகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பாட்டிலில் வந்ததைத்தான் அது சொல்லும். கண்மாயாக இருந்தால் கரையோரம் பாசி ஒதுங்கிய இடத்தில் எடுக்காமல், மடைப்படியில் இறங்கி நின்று, ஒரு லிட்டர் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, வாய் கீழ்நோக்கியபடி முழங்கை ஆழத்துக்கு அமிழ்த்தி, அங்கே நிமிர்த்தி, காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே மூட வேண்டும். ஓடும் ஆற்றில் பாட்டிலின் வாய் ஓட்டத்துக்கு எதிர்முகமாக இருக்க வேண்டும். காலால் கலங்கிய சேறு உங்கள் பின்பக்கம் போய்விடும். கிருமிச் சோதனைக்கு நடைமுறை வேறு: ஆய்வகம் தரும் தூய்மைப்படுத்திய பாட்டிலை அலசவே கூடாது, மேலே சிறிது இடம் விட்டு நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். போர் தண்ணீர் என்றால் சில நிமிடம் மோட்டாரை ஓடவிட்டு, குழாயில் தேங்கியது வெளியேறிய பிறகு பிடிக்க வேண்டும்.

பாட்டிலின் மேல் இடம், நாள், மணி, முந்தைய நாள் மழை பெய்ததா என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள். மழையைக் குறிக்காத மாதிரியை வேறொரு மாதிரியோடு ஒப்பிடவே முடியாது. குடிநீர்ப் பரிசோதனையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் செய்துகொள்ளலாம். பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மண், நீர் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன.

கையடக்க டி.டி.எஸ். மீட்டர் போதாதா?

போதாது. அது உப்பின் மொத்த அளவைத் தோராயமாகச் சொல்லும். கிருமியையும் நைட்ரேட்டையும் ஃபுளூரைடையும் தனித்தனியாகச் சொல்லாது. 300 காட்டும் நீரில் சாக்கடை கலந்திருக்கலாம், 900 காட்டும் கிணற்றில் கிருமியே இல்லாதிருக்கலாம். ஆனால் ஒரே கிணற்றில் மாதந்தோறும் அளந்து குறித்துவந்தால், எப்போது மாற்றம் தொடங்கிற்று என்று காட்டுவதற்கு அந்தச் சிறு கருவி உதவும்.

கருவியே இல்லாமல் கண்டுகொள்ள வழி உண்டா?

உண்டு. ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வால்நுனியில் மூன்று மெல்லிய இழைகளுடன் கல்லடியில் ஒட்டியிருக்கும் சிறு பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் அந்த நீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. தட்டானின் குஞ்சுகள் நடுத்தரமான நீரிலும் தாக்குப்பிடிக்கும். கரிய சேற்றில் நெளியும் செம்புழுக்கள் மட்டுமே கிடைக்குமானால், அடிமண்ணில் ஆக்சிஜன் அற்றுப்போயிருக்கிறது. முட்டை அழுகிய வாடையும் உடன் வரும். மாடக்குளமோ வண்டியூரோ, நகரத்துக் கண்மாய் எதுவாக இருந்தாலும், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஆண்டுக்கு இருமுறை இப்படிப் பார்த்து எழுதி வைத்தால், விலை உயர்ந்த கருவி தராத ஒரு பதிவு கிடைக்கும். மீனை வைத்து முடிவு செய்வதில் மட்டும் நிதானம் வேண்டும். வலையில் ஜிலேபி மீன் மட்டுமே விழுவது நல்ல அறிகுறி இல்லைதான்; ஆனால் வெளியிலிருந்து வந்த அந்த மீன் நல்ல நீரிலும் மற்றவற்றை ஒதுக்கிவிட்டுப் பெருகக்கூடியது.

ஒரே இரவில் கண்மாய் மீன்கள் செத்து மிதப்பது ஏன்? யாராவது மருந்து கலந்திருப்பார்களா?

மருந்து கலப்பதும் நடப்பதுண்டு. ஆனால் முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள். பாசி மிகுந்த நீரில் பகலில் ஆக்சிஜன் உற்பத்தியாகிறது. இரவில் அதே பாசி அதைத் தின்கிறது. அதனால் விடியலுக்கு முன்புதான் அளவு மிகவும் தாழ்கிறது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கோடை மழையின் முதல் தண்ணீர் தெருக் கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாலோ, பல நாள் மேகமூட்டமாக இருந்தாலோ இது உச்சத்தை எட்டும். 30 டிகிரி வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான் என்பதால், நமது வெயிலில் ஓரம்சாரம் விட்டுக்கொடுக்க இடமில்லை. மீன் செத்த அன்று மத்தியானம் அளந்துவிட்டு, ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை கொடுப்பது வீண். விடியற்காலை ஐந்து மணிக்கு அளக்க வேண்டும். மாறாக, பாம்பும் தவளையும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சை ஐயுறலாம். அப்போது நீரையும் செத்த மீனையும் உடனே பனிக்கட்டியில் எடுத்து வையுங்கள்.

ஆகாயத்தாமரையை அள்ளிப் போட்டும் திரும்பத் திரும்ப முளைக்கிறதே?

அது நோயின் அடையாளம். கழிவுநீரின் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு வளர்கிறது. உணவு வரும்வரை செடியும் வரும். அள்ளுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அள்ளியதைக் கரையில் குவித்துவைத்தால் மழையில் சத்து மறுபடி கண்மாய்க்கே இறங்கிவிடும், ஆகவே வெளியே கொண்டுபோய் மக்கவைக்க வேண்டும் என்பதே சொல்ல வேண்டியது. நீர் வற்றும் கோடையில், செடி ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கும்போது அள்ளுவதே சிக்கனம்.

தூர் வாருவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

இதைப் பற்றித்தான் மிகுதியாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனெனில் மிகுதியாகப் பணம் செலவாவதும் மிகுதியாகக் கெடுவதும் இதில்தான்.

பொக்லைன் வந்து கண்மாய்க்குள் இறங்குவதற்கு முன் வரத்துக்காலை நடந்து பார்க்க வேண்டும். மேலே இருக்கும் கண்மாயின் கலுங்கிலிருந்து உங்கள் கண்மாயின் வாய் வரை ஓர் ஆளும் ஒரு வரைபடமும் போதும். எங்கே சாலை போட்டபோது குழாய் சிறிதாகப் பதிக்கப்பட்டது, எங்கே வீட்டுமனை போட்டவர் வாய்க்காலைத் தெருவாக்கினார், எங்கே இரண்டு வயல்காரர்கள் வரப்பைத் தள்ளித் தள்ளி இருபது அடியை நான்கு அடியாக்கினார்கள் என்பதெல்லாம் நடந்தால்தான் தெரியும். நம் கண்மாய்கள் தொடராக அமைந்தவை. மேல்கண்மாய் மறுகால் பாய்ந்துதான் (நிறைந்து கலுங்கில் வழிந்துதான்) கீழ்க்கண்மாய் நிறையும். நடுவில் ஒரு வாய்க்கால் அடைபட்டால், கீழே எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் நீர் வராது. மேலேயோ வெள்ளம் ஊருக்குள் புகும்.

அடுத்து மடையும் கலுங்கும். மடைப்பலகை ஒழுகினால், சேர்ந்த நீர் தை மாதத்துக்கு முன் போய்விடும். கலுங்கின் மேல் சிமெண்டு போட்டு உயர்த்தினால் நீர் கூடுதலாக நிற்கும் என்று சில ஊர்களில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கரையின் உச்சிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையிலான காப்பு குறைந்து, ஒரே புயலில் கரை உடையும். அந்த அளவை மாற்றும் முடிவு பொறியாளருடையது.

தூர் எடுப்பது கடைசி. உள்வாயில் படிந்திருக்கும் கரம்பை மண் வயலுக்கு நல்ல சத்து. விவசாயிகள் வண்டி வைத்து அடித்துக்கொள்வதே பழைய வழக்கம், வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று எடுக்கவும் இப்போது வழியுண்டு. ஆனால் தாழ்மடையின் மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மடை வழியாக ஒரு சொட்டும் வயலுக்குப் போகாது. மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்பவர்களுக்கு அந்தப் பள்ளம் லாபம், ஆயக்கட்டுக்கு (கண்மாயால் பாசனம் பெறும் நிலங்களுக்கு) நட்டம். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். அடியில் இருக்கும் களிமண் படலத்தைக் கிழித்தால் சில கண்மாய்களில் நீர் தங்காமலும் போகும். தூர் எடுப்பதை வண்டிக் கணக்கில் அளந்து பெருமைப்படுவதை விட்டுவிட்டு, மடை மட்டத்துக்கு மேல் கூடுதலாக எத்தனை நாள் நீர் நின்றது என்று அளப்பதே நேர்மையான கணக்கு.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதுமா?

வேரோடு எடுக்காமல் வெட்டினால் அது அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து முன்னைவிட அடர்ந்து வளரும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளை ஒட்டி ஊர் ஊராக எந்திரம் இறங்கியபோது, அடிக்கட்டையை விட்டுச்சென்ற இடங்கள் மறுபடி காடாயின. எடுத்த இடத்தில் உடனே நாட்டுக் கருவேலம், மருது, புங்கு போன்றவற்றை நட்டு, ஆடு மாடு மேயாமல் சில ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டுக் கருவேல மரங்கள் கண்மாய்க்குள் நீரில் நின்று கொக்குக்கும் நாரைக்கும் கூடு கட்ட இடம் தருபவை. சீமைக்கருவேலம் என்று நினைத்து அவற்றையும் சாய்த்துவிட்ட ஊர்கள் உண்டு.

நடைபாதை, பூங்கா, படகுத்துறை அமைப்பது நல்லதுதானே?

மக்கள் வந்து போகும் நீர்நிலையில் குப்பை கொட்டுவது குறையும் என்பது உண்மை. ஆனால் சுற்றிலும் கல் பதித்துச் செங்குத்துச் சுவர் எழுப்பினால், ஓரத்து ஆழமில்லாத சேறு போய்விடும். மீன் முட்டையிடுவதும், உள்ளான் போன்ற பறவைகள் இரை தேடுவதும், கோரை கழிவை வடிகட்டுவதும் அந்த ஓரத்தில்தான். பனையூர்க் கால்வாய் வழியாக வைகை நீர் ஏறும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம், கட்டும்போதே தெப்பத்துக்காகக் கல்கட்டோடு கட்டப்பட்டது. எல்லாக் கண்மாயையும் தெப்பக்குளமாக்குவது தேவையில்லாத ஆசை. நடைபாதை வேண்டுமானால் கரையின் மேலே போடலாம். நீர்ப்பிடிப்புக்குள் இறங்கக் கூடாது. சாக்கடை வாயை அடைக்காமல் படகு விடுவதைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை.

கழிவுநீர் கலப்பதை எங்கிருந்து நிறுத்துவது?

மதுரை மாநகராட்சிக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பாதாளச் சாக்கடை போகாத தெருக்களின் கழிவு மழைநீர் வடிகாலில் விழுந்து, கிருதுமால் நதி போன்ற பழைய நீர்வழிகளில் சேர்வதே சிக்கல். ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த கிருதுமாலை இன்று பலர் சாக்கடை என்றே அறிந்திருக்கிறார்கள். முதல் வேலை, கண்மாய்க்குள் விழும் ஒவ்வொரு வாயையும் எண்ணி, காலை ஏழு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று வாளியும் கடிகாரமும் வைத்து அளப்பது. ஒரு வாளி நிரம்பும் நேரத்தைக் கொண்டு அந்த வேளையில் மணிக்கு வரும் லிட்டரைக் கணக்கிட்டுவிட்டால், மனு எழுதும்போது அதிகாரி தட்டிக்கழிக்க இயலாத ஓர் எண் உங்கள் கையில் இருக்கும். சிற்றூர் அளவில் வரும் கழிவுக்கு, வண்டல் தங்கும் தொட்டியும் அதையடுத்து நாணல், கல்வாழை நட்ட சரளைப் படுகையும் பெரும்பகுதியை வடிகட்டும். தொட்டியை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய ஆள் பொறுப்பேற்றால்தான்.

நுண்ணுயிர் உருண்டைகளைப் போட்டால் நீர் தெளியும் என்கிறார்களே?

சில வாரம் வாடை குறையலாம். கழிவு வரத்து நிற்காத நீர்நிலையில் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் ஊரில் 800 அடிக்குப் போர் போட்டும் தண்ணீர் இல்லை. கண்மாயைச் சரிசெய்தால் நிலத்தடி நீர் ஏறுமா?

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. மேலே சில பத்தடிகள் உக்கிய பாறை. அதற்குக் கீழே நீர் இருப்பது வெடிப்புகளில் மட்டுமே. கண்மாய் நீர் முதலில் ஏற்றுவது இந்த மேற்படலத்தைத்தான், அதனால் ஆயக்கட்டிலுள்ள வட்டக்கிணறுகள் சில வாரங்களிலேயே ஊறும். 800 அடி ஆழத்து வெடிப்பு உங்கள் கண்மாயோடு தொடர்பில் இருக்கும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கடனாளியாவதைக் காண்கிறோம். அந்தப் பணத்தின் ஒரு பங்கில் பழைய கிணற்றைத் தூர் எடுத்து, வயல் ஓடை நீரைச் சரளைத் தொட்டியில் வடிகட்டி உள்ளே விடலாம். வடிகட்டாத தெருநீரையோ கழிவு கலந்த கண்மாய் நீரையோ போர்க்குழிக்குள் நேரடியாக இறக்குவது, ஊரின் குடிநீரில் நஞ்சு சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

வீட்டளவில் மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஒரு சதுர மீட்டரில் விழும் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆண்டு மழை 850 மில்லிமீட்டர் என்று கொண்டால், 1000 சதுர அடி மாடியில், இழப்புப் போக, 60,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

கிணற்று மட்டத்தைக் கண்காணிப்பது கடினமான வேலை இல்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு குறியிட்டு, மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில், எடை கட்டிய டேப்பை இறக்கி அளந்து எழுதினால் போதும். அரசு ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் பார்ப்பதுபோல நீங்களும் மே மாதத்திலும் ஜனவரியிலும் கட்டாயம் அளக்க வேண்டும். குறுவட்ட அளவிலான அரசு மதிப்பீட்டில், ஆண்டுக்கு ஊறுவதில் 70 விழுக்காட்டுக்குள் எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 100-ஐத் தாண்டினால் மிகை நுகர்வுப் பகுதி.

ஆக்கிரமிப்பை யாரிடம் முறையிடுவது?

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்டவை பொதுவாக நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். துறையின் கண்மாய்களுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொருந்தும். மற்றவற்றுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு எனப்படும் நிலப் பதிவேட்டின் நகலையும் புலப்படத்தையும் பெற்று, புல எண்ணோடு மனு எழுதுங்கள். "கண்மாயை மீட்டுத் தாருங்கள்" என்ற மனுவுக்குப் பதில் வராது. "இன்ன புல எண்ணில், வரத்துக்கால் இத்தனை அடியிலிருந்து இத்தனை அடியாகக் குறைந்துள்ளது, அளந்து கல் நட்டுத் தருக" என்ற மனுவுக்குச் சர்வேயர் வந்தாக வேண்டும். உள்வாய்க்குள் பழைய பட்டா நிலம் இருப்பதும் உண்டு. அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஏசிவிட்டுப் பிறகு ஊர் இரண்டுபடுவதைத் தவிர்க்கலாம்.

மீன்பாசிக் குத்தகைக்காரர் (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர்) மடையைத் திறக்க விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பாசனத்துக்கே முதல் உரிமை. குத்தகை ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்த ஏலத்துக்கு முன், மீன் பிடிப்பதற்காக நீரை வெளியேற்றக் கூடாது, கோழிக்கழிவு கொட்டக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பிவைப்பது நல்லது.

வேலை முடிந்தபின் எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

வரத்துக்காலைத் திறந்தால் அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையிலேயே நீர்மட்டத்தில் தெரியும். கிணறுகளில் அடுத்த கோடையில் தெரியும். நீரின் தரம்தான் பொறுமையைச் சோதிக்கும்: கழிவு வரத்தை முற்றிலும் நிறுத்திய பிறகும், சேற்றில் பல ஆண்டுகளாகப் படிந்த பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாக நீருக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும் என்பதால், பாசியும் ஆகாயத்தாமரையும் சில ஆண்டுகளுக்கு விடமாட்டா. ஓர் ஆண்டு நல்ல மழையில் கண்மாய் பெருகியதை வேலையின் வெற்றியாகவும், மறு ஆண்டு வறட்சியில் காய்ந்ததைத் தோல்வியாகவும் எழுதிவிடாதபடி, பதிவேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்த மாதத்து மழையளவையும் குறித்து வையுங்கள்.